16 வயதுக்கு எந்தப் பழைய பிக்கப்: ரேஞ்சரா, டகோமாவா?

அமெரிக்காவில் லைசென்ஸ் கைக்கு வந்ததும் பிக்கப் கேட்கும் பிள்ளைகள் நிறைய. பழைய சின்ன வண்டி என்றால் பேச்சு பெரும்பாலும் ஃபோர்டின் ரேஞ்சர், டொயோட்டாவின் டகோமா இந்த இரண்டில் வந்து நிற்கும்.

விலை: ரேஞ்சர் மலிவு. டகோமா எவ்வளவு ஓடியிருந்தாலும் விலை லேசில் இறங்காது.

பாதுகாப்பு: இதில் நான் பிடிவாதம். பின்தொட்டி காலியாக இருந்தால் ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கும். புதுக் கைக்குச் சமாளிக்க வராது. அந்த வழுக்கலை அடக்கும் இஎஸ்சி (மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு) டகோமாவில் 2009 முதல், ரேஞ்சரில் 2010 முதல் எல்லா வண்டியிலும் உண்டு. அதற்கு முந்தையது வேண்டாம். அப்புறம், ரேஞ்சரில், வெடித்துச் சிதறும் குறைக்காகத் திரும்பப் பெறப்பட்ட டகாட்டா நிறுவன ஏர்பேக்கை மாற்றியாயிற்றா என்று வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) இணையத்தில் போட்டுப் பாருங்கள். மாற்றாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

துரு: டகோமாவின் பலவீனம் அடிச்சட்டம். பனிக்கு உப்புத் தூவும் ஊர் வண்டியென்றால் கீழே படுத்துச் சுத்தியலால் தட்டுங்கள். ‘டங்’கென்றால் சரி, பொத்தென்று செதில் உதிர்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பள்ளிக்கும் பகுதிநேர வேலைக்கும் போய்வர 2010, 2011 ரேஞ்சர் போதும். சின்ன கேபினில் கூட்டாளிகளைக் கும்பலாக ஏற்ற முடியாது, பெற்றவர்களுக்கு அதுவே நிம்மதி. கல்லூரி முடிந்து தம்பிக்கும் கைமாற வேண்டுமென்றால், அடிச்சட்டம் நல்லதாக இருக்கும் டகோமாவுக்குக் காத்திருங்கள்.