பித்தியா வழிபாட்டுப் பெட்டி: புத்தகத்துக்காக வாங்கலாம், சீட்டுக்கட்டு வேண்டாம்

கிரேக்கத்தில் பழைய தெய்வ வழிபாட்டைப் பின்பற்றுகிற ஒருவர் வீட்டிலேயே செய்து இணையத்தில் விற்கிற பெட்டி இது. தபால் செலவு தனி, பெட்டி மட்டும் 38 யூரோ. உள்ளே முக்காலி வடிவத்தில் ஒரு தூபக்கால், காய்ந்த லாரல் இலைக் கட்டு, கொஞ்சம் குந்திரிக்கம், ஒரு மெழுகுவத்தி, சின்னத் துதிப் புத்தகம், அப்புறம் குறி பார்க்கிற சீட்டுக்கட்டு. பழைய கிரேக்கத்தின் டெல்ஃபி கோயிலில் அப்பல்லோ தெய்வத்தின் வாக்கைச் சொன்ன பூசாரிணியான பித்தியாவை ஒரு முன்னோராக நினைத்து வணங்குகிறவர்களுக்கானது. மாதத்தின் ஏழாம் நாளில் அப்பல்லோவுக்கு விளக்கேற்றும் பழக்கம் எனக்கு உண்டு, அதனால் ஆசையோடுதான் வாங்கினேன்.

புத்தகம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. பித்தியா என்பது ஒரு பதவி, பல நூற்றாண்டுகளாக எத்தனையோ பெண்கள் வாக்குச் சொல்கிற முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் பெயர் மிஞ்சியவர்கள் மிகச் சிலர். இந்தப் புத்தகம் அந்தச் சிலரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. முதல் பித்தியா என்று மரபு சொல்கிற ஃபெமோனோவேக்கு ஒரு துதி. அரிஸ்டோனிகேக்கு ஒன்று. கி.மு. 480இல் பாரசீகப் படை இறங்கி வந்தபோது, உலகின் கடைசிக்கு ஓடிப்போங்கள் என்று ஏதென்ஸ்காரர்களிடம் சொன்னவர் இவர்தான். அவர்கள் போக மறுத்து, கையில் கிளைகளோடு திரும்ப வந்து மன்றாடிய பிறகு மரச்சுவர் காக்கும் என்ற இரண்டாவது வாக்கு வந்தது, அதைக் கப்பல்கள் என்று ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ் எடுத்துக்கொண்டார், சலாமிஸ் கடற்போரில் ஜெயித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது பெரியல்லாவுக்கான பக்கம். ஸ்பார்ட்டா அரசன் கிளியோமெனஸின் ஆட்கள் பேசி வைத்தபடி பொய் வாக்குச் சொல்லி, அது வெளியே தெரிந்து பதவியை இழந்தவர் அவர். அவரை மறைக்காமல், அவருக்காகவும் ஒரு விளக்கு வையுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். வழிபாட்டுப் புத்தகங்களில் இந்த நேர்மையை நான் அதிகம் பார்த்ததில்லை.

படங்கள்தான் மனதை உறுத்துகின்றன. சீட்டுகளில் இருக்கிற எல்லாப் பெண்களும் இருபது வயதுக்காரிகள், கூந்தல் விரிந்து, காலடியில் பிளவிலிருந்து புகை கிளம்ப, கண் செருகிக் கிடக்கிறார்கள். 1891இல் ஜான் காலியர் என்ற ஆங்கில ஓவியர் வரைந்த டெல்ஃபிப் பூசாரிணியிடமிருந்து வந்த சாயல் அந்தப் பிளவும் புகையும். ஆனால் ஒரு இளம் பித்தியாவை ஒருவன் தூக்கிக்கொண்டுபோய்க் கெடுத்த பிறகு, ஐம்பது வயதைக் கடந்த பெண்ணையே கன்னியின் உடையில் உட்கார வைத்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார். டெல்ஃபியிலேயே பூசாரியாக இருந்த பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், தன் காலத்துப் பித்தியா ஏழை விவசாயி வீட்டில் வளர்ந்தவர், எந்தக் கலையும் பயிற்சியும் இல்லாமல் வந்தவர் என்கிறார். அந்த வயதான கிராமத்துப் பெண்ணின் முகம் ஒரே ஒரு சீட்டிலாவது இருந்திருக்க வேண்டாமா? பழங்காலப் படமே வேண்டுமென்றாலும் பெர்லினில் ஒரு கோப்பை இருக்கிறது, கி.மு. 440 வாக்கில் செய்தது. அதில் தெமிஸ் என்ற பெண்தெய்வம் பித்தியாவைப் போல முக்காலியில் அமைதியாக உட்கார்ந்து, ஒரு கையில் லாரல் கிளையும் மறு கையில் கிண்ணமுமாகக் குனிந்து பார்க்கிறாள். புகையும் இல்லை, வெறியும் இல்லை.

சீட்டோடு வருகிற தாள் இன்னும் மோசம். எந்த இரவிலும், எந்தக் கேள்வியும், எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாமாம். டெல்ஃபியில் வாக்குக் கேட்க மாதத்துக்கு ஒரு நாள்தான், குளிர்காலம் மூன்று மாதம் அதுவும் கிடையாது. அந்த நாளிலும் முதலில் பலி கொடுக்கிற ஆட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள், அது உடம்பெல்லாம் நடுங்கினால்தான் பித்தியா வாக்குச் சொல்கிற இடத்துக்குள் இறங்கலாம். ஒரு முறை வெளியூரிலிருந்து வந்த தூதர்களுக்காக, ஆடு நடுங்காதபோதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்து, விருப்பமில்லாத பித்தியாவை இறங்க வைத்தார்கள். அவர் குரல் கரகரத்து, கத்திக்கொண்டு வாசல் பக்கம் ஓடிவந்து விழுந்தார், சில நாளில் இறந்துபோனார். இதையும் புளூட்டார்க்தான் சொல்கிறார். அந்தப் பெண்களை மதிப்பதற்கென்று ஒரு பெட்டியைச் செய்துவிட்டு, கேட்கும்போதெல்லாம் பதில் தர வேண்டியவர்களாக அவர்களை மறுபடியும் உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புத்தகத்தை எழுதியவரும் சீட்டை வரைந்தவரும் ஒருவர்தானா என்றே தோன்றியது.

மற்றவை சுருக்கமாக. தூபக்கால் கனமான பித்தளை, ஆடாமல் நிற்கிறது. மெழுகுவத்தி தேன்மெழுகு என்று போட்டிருக்கிறது, மணத்தில் அப்படித் தெரியவில்லை. லாரல் இலை நல்ல தரம், பார்லி மாவோடு சேர்த்து நெருப்பில் இடுங்கள், டெல்ஃபியில் அப்படித்தான் செய்தார்கள். தீர்ந்துபோனால் நம் ஊர்க் கடையில் கிடைக்கிற பிரியாணி இலையை வாங்கிவிடாதீர்கள், அது பெரும்பாலும் லவங்கப்பட்டை இனத்து மரம், இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும். லாரலுக்கு நடுவில் ஒரே நரம்புதான்.

சீட்டுக்கட்டு இல்லாமல் தர முடியுமா என்று எழுதிக் கேட்டால் 9 யூரோ குறைத்துக்கொள்கிறார். அப்படியே வாங்குங்கள்.