மைனிங் மெஷினில் பங்கு என்று காசு கேட்கிறார்களா? கொடுப்பதற்கு முன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பில் எங்களிடம் காசு வாங்கி ஏமாற்றிய ஒருவர், இப்போது கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் அதே வேலையைத் தொடங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பிட்கொயின் போன்ற இணையக் காசை (கொயின்) மெஷினைக் கணக்குப் போடவிட்டுச் சம்பாதிப்பதுதான் மைனிங், தோண்டுவது என்றும் சொல்வோம். அவர் சொல்லும் கதை இதுதான்: "நீங்க ஒரு மெஷினுக்குக் காசு தாங்க, நான் நம்மட இடத்தில வெச்சு ஓட்டுறன். வாற பிட்கொயின்ல கரண்ட் காசைக் கழிச்சிட்டு மிச்சம் மாசாமாசம் உங்கட கணக்குக்கு வரும்." எங்களிடம் வந்தபோது பிட்கொயினுக்குப் பதில் எத்தீரியம், மெஷினுக்குப் பதில் கிராபிக்ஸ் கார்ட். மற்றதெல்லாம் ஒன்றுதான். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. பெயரை விட, அவர் ஏமாற்றிய விதம் தெரிந்திருப்பது முக்கியம். ஏனென்றால் விசாரிக்காமல், கணக்குப் பார்க்காமல் நாங்கள் காசு கொடுக்கவில்லை. எங்கள் விசாரணைக்கும் அவர் ஏற்கெனவே ஒரு பதில் தயாராக வைத்திருந்தார்.

எங்கள் கூட்டம் 2013 கடைசியில் சேர்ந்தது. பிட்கொயினைக் கிராபிக்ஸ் கார்டில் தோண்டும் காலம் அப்போதே முடிந்துவிட்டது. அதற்கென்றே செய்த அசிக் மெஷின்கள் அந்த வருடத் தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்துவிட்டன. ஆனால் லைட்கொயின் இருந்தது, டிசம்பரில் டோஜ்கொயினும் வந்தது. இரண்டையும் வீட்டுக் கணினியில் கேம் விளையாடும் கார்டிலேயே தோண்டலாம். ரேடியன் 7950 ஒன்று வைத்திருந்தவன் எங்களுக்குள் பெரிய ஆள். மட்டக்களப்பு வெயிலில் அந்தக் கார்டை இரவு பகலாக ஓட்டினால் அறைக்குள் நிற்க முடியாது. கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசைக் காற்றாடியைத் திருப்பி வைப்போம். பின்னேரங்களில் காந்தி பூங்காவில் வாவிக்கரையில் இருந்து கதைப்போம். யாருக்காவது கொயினை விற்க வேண்டுமென்றால் அங்கேயே கைக்காசு, போனில் அனுப்புதல், அவ்வளவுதான். எழுத்து ஒன்றும் கிடையாது, ஒருவரும் ஒருவரை ஏமாற்றியதும் கிடையாது. அந்தக் காலத்தை நான் இன்றும் மதிக்கிறேன். இப்படி எழுதுவது வலிப்பதற்கும் அதுதான் காரணம்.

இந்த மனிதர் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் மூத்தவர், எங்களுக்கு அண்ணன். 2014 பெப்ரவரியில் டோக்கியோவில் இருந்த மவுண்ட் கொக்ஸ் என்ற கொயின் வாங்கி விற்கும் சந்தை இழுத்து மூடப்பட்டு, ஏறத்தாழ 850,000 பிட்கொயின்கள் காணாமல் போயின என்ற செய்தி வந்தது. எங்களில் ஒருவனுடைய சிறுதொகையும் அதில் போனது. அப்போது எங்களையெல்லாம் இருத்தி வைத்து, கொயினைத் திறக்கும் இரகசியச் சாவி உங்கள் கையில் இல்லாத காசு உங்கள் காசு இல்லை என்று விளங்கப்படுத்தியவர் இவர்தான். வொலட்டின், அதாவது கொயின் வைக்கும் பணப்பையின், மீட்புச் சொற்களைத் தாளில் எழுதி எப்படிப் பத்திரப்படுத்துவது என்று காட்டித் தந்ததும் இவர்தான்.

2021 நடுப்பகுதியில் எத்தீரியம் மைனிங் உச்சத்தில் இருந்தது. கார்டுகளுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. இங்கே இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்து, கேட்ட விலை கொடுத்தாலும் கிடைக்காது. துபாயில் இருந்து தெரிந்தவர் மூலம் ஆர்டிஎக்ஸ் 3070 கார்டுகள் கொண்டுவந்து நாற்பது கார்ட் ஓட்டுவதாக அண்ணன் சொன்னார். ஒரு கார்டுக்கு இரண்டரை இலட்சம். நான் இரண்டு கார்டுக்குக் கொடுத்தேன். ஓர் ஆசிரியர், காத்தான்குடியில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பிய ஒருவர் என்று பலர் கொடுத்தார்கள்.

ஆதாரம் கேட்டோம். ஈதர்மைன் என்ற மைனிங் பூலில் ஒரு வொலட் முகவரியைத் தந்தார். இது தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தனியாகத் தோண்டினால் எப்போது கிடைக்கும் என்று தெரியாது, அதனால் ஆயிரக்கணக்கானோர் ஒரு பூலில் சேர்ந்து தோண்டி, கிடைப்பதை அவரவர் வேலைக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வார்கள். அப்போது ஈதர்மைனில் யாருடைய முகவரியைப் போட்டாலும் அதன் வேகமும் வருமானமும் தெரிந்தது, கடவுச்சொல் தேவைப்படவில்லை. ஒரு 3070 கார்ட் ஏறத்தாழ 60 மெகாஹாஷ் (தோண்டும் வேகத்தின் அளவு) தரும். நாற்பது கார்டுக்கு 2,400. அவர் தந்த முகவரியின் பக்கத்தில் கிட்டத்தட்ட அதே வேகம் இருந்தது. கணக்குச் சரி.

இடத்தைப் பார்க்கக் கேட்டபோது நாடு முழுக்க ஊரடங்கு. 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை வெளியே போக முடியாது. ஊரடங்கு முடிந்த பிறகு, இடம் தெரிந்தால் களவு போகும் என்றார். காற்றாடிகள் இரையும் வீடியோ ஒன்று வந்தது. வருமானம் கொயினாக வராது, ரூபாயாகத்தான் வங்கிக்கு வரும் என்றார். எத்தீரியத்தில் சின்னத் தொகை அனுப்பவும் அப்போது கட்டணம் மிக அதிகம், ஆகவே அந்தக் காரணமும் பொருத்தமாகவே இருந்தது. மாதாமாதம் காசும் வந்தது. அது மைனிங் காசு அல்ல, புதிதாகச் சேர்ந்தவர்களின் காசு என்று இப்போது நம்புகிறேன். ஆள் சேர்த்துவிட்டால் பங்கு உண்டு என்று அவர் சொல்லத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான்.

அவரைக் காட்டிக்கொடுத்தது மின்வெட்டு. 2022 மார்ச் முடிவில் நாள் ஒன்றுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லை. போன் சார்ஜ் போடவே நேரம் பார்த்துக் காத்திருந்த காலம். ஆனால் அந்தப் பூல் பக்கத்தில் கோடு இறங்கவே இல்லை. இரவும் பகலும் ஒரே வேகம். கல்லடியில் இருக்கும் ஒரு நண்பன்தான் இதைக் கண்டுபிடித்தான். மின்வெட்டு அட்டவணையையும் பூலின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்களுக்கு அனுப்பினான். கேட்டதற்கு, ஜெனரேட்டர் என்று பதில் வந்தது. அந்த மாதம் டீசலுக்கு ஷெட்டில் விடிய விடிய வரிசை. நாற்பது கார்டுக்கு, ஒரு கார்ட் 120 வொட் என்று வைத்தாலும் 5 கிலோவொட்டுக்குக் கிட்ட வேண்டும். அதை நாளுக்கு 13 மணிநேரம் ஓட்ட டீசல் எங்கிருந்து வந்தது?

அந்த நண்பன் அப்புறம் கேட்ட ஒரு கேள்வியைத்தான் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பூலில் ஓடும் ஒவ்வொரு மெஷினுக்கும் (ரிக் என்றும் சொல்வோம்) ஒரு பெயர் இருக்கும், வேர்க்கர் பெயர் என்பார்கள். அதை வைப்பவர் மெஷினின் சொந்தக்காரர். மாற்றுவதற்கு ஒரு வரியைத் திருத்தினால் போதும், கொஞ்ச நேரத்தில் புதுப்பெயர் பூல் பக்கத்தில் தெரியும். "அண்ணன், ஒரு ரிக்குக்கு 'கல்லடி' எண்டு பேர் மாத்துங்க, நாங்க இங்க இருந்து பார்க்கிறம்" என்று கேட்டான்.

முதலில், கரண்ட் வந்தபிறகு மாத்துறன் என்றார். ஜெனரேட்டர் கதை என்ன ஆனது என்று கேட்டால் பதில் இல்லை. அடுத்து இன்டர்நெட் சரியில்லை என்றார். கடைசியில் கோபம் வந்தது: "இவ்வளவு காலம் பழகிட்டு என்னைச் சோதிக்கிறியளா?" அந்தப் பெயர் மாறவே இல்லை. அந்த மாதத்தோடு எங்கள் கணக்குக்குக் காசு வருவதும் நின்றது.

அந்த முகவரி அவருடையதே இல்லை. உலகத்தில் எங்கோ நேர்மையாகத் தோண்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவருடைய பக்கம் அது. யாருடைய பக்கத்தையும் யாரும் பார்க்கலாம் என்பதால், தன் கதைக்குப் பொருந்தும் வேகத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்து எங்களுக்குக் காட்டியிருக்கிறார். சாவியைப் பற்றி எங்களுக்குப் படிப்பித்த மனிதர், யாருடைய சாவியோ உள்ள முகவரியைத் தன்னுடையது என்று காட்டினார். இதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அப்போதும் சிலர் அவரை விடவில்லை. பழைய பழக்கம், முகதாட்சணியம். அவர்களுக்கும் செப்டம்பரில் விளங்கியது. 2022 செப்டம்பர் 15ஆம் திகதி எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. அன்றோடு உலகத்தில் யாரும் எத்தீரியம் தோண்ட முடியாது, எவ்வளவு பெரிய மெஷின் வைத்திருந்தாலும் சரி. அந்தப் பூல் பக்கத்திலும் வேகம் பூச்சியமானது. ஆனால் 17ஆம் திகதியும் இவருடைய வட்ஸ்அப் குழுவில் "இன்றைய எத்தீரியம் மைனிங் வருமானம்" என்று வழக்கமான படம் வந்தது. யாரோ ஒருவர் கேள்வி கேட்டதும் குழுவே அழிக்கப்பட்டது.

இப்போது அவர் சொல்லும் பிட்கொயின் கதைக்கு வருகிறேன். ஒரு வீட்டுக்குள் இருபது அசிக் மெஷின் ஓடுவதாகச் சொல்கிறாராம். அன்ட்மைனர் எஸ்19 என்ற மெஷினை எடுத்துக்கொண்டால், ஒன்று 3,250 வொட் இழுக்கும். மாதம் 2,340 யூனிட், ஒரே மெஷினுக்கு. இருபதுக்கு 65 கிலோவொட். எங்கள் வீடுகளுக்கு வரும் சாதாரண 30 அம்பியர் இணைப்பு ஏழு கிலோவொட் அளவுக்குத்தான் தாங்கும். இரண்டு மெஷின் போட்டாலே வேறொன்றும் போட இடமில்லை. சத்தமும் அப்படித்தான், ஒரு மெஷினின் இரைச்சலே 75 டெசிபெல் அளவு இருக்கும். இருபது ஓடினால் அயல் வீட்டார் நித்திரை கொள்ள மாட்டார்கள். ஆகவே கரண்ட் பில்லைக் கேளுங்கள். வீடியோவைக் காட்டினால் போதாது, மின்சார சபையின் பில் வேண்டும். எங்கள் காலத்தில் 180 யூனிட்டுக்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 45 ரூபாய். நாற்பது கார்டுக்கு மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் பில் வந்திருக்க வேண்டும். அவர் எங்கள் எல்லோரிடமும் கரண்டுக்கென்று கழித்த தொகையைக் கூட்டினால் அதன் பக்கத்திலும் வராது. அதன் பிறகு 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று கட்டணம் ஏறியது. இன்னொரு பக்கம், 2024 ஏப்ரலில் ஒரு பிளாக் (கொடுக்கல் வாங்கல்களின் ஒரு தொகுதி) தோண்டினால் கிடைக்கும் பிட்கொயின் 6.25 இலிருந்து 3.125 ஆகப் பாதியானது. இலங்கை வீட்டுக் கரண்டில் நிலையான மாத வருமானம் என்று ஒருவர் உறுதி சொன்னால், இந்த எண்களை அவர் முன் வைத்து விளக்கம் கேளுங்கள்.

பூலில் உங்கள் பங்குக்கு ஒரு பார்வை இணைப்பு (பார்க்க மட்டும் முடிந்த இணைப்பு) தரச் சொல்லுங்கள். வருமானம் பூலில் இருந்து நேரே உங்கள் சொந்த வொலட்டுக்கு வர வேண்டும், இடையில் ஒருவருடைய வங்கிக் கணக்கு இருக்கக் கூடாது. அப்புறம் அந்த வேர்க்கர் பெயர். உண்மையாக மெஷின் வைத்திருப்பவருக்கு இது சின்ன வேலை, கோபப்பட ஒன்றுமில்லை.

ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கிரிப்டோ இங்கே சட்டப்படியான காசு அல்ல என்று மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. ஆகவே உங்கள் முதலீட்டை யாரும் ஈடு செய்யப் போவதில்லை. ஆனால் பொய் சொல்லிக் காசு வாங்குவது கொயின் என்றாலும் காணி என்றாலும் மோசடிதான், அதற்குப் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். ஆள் சேர்த்தால் பங்கு என்ற பிரமிட் திட்டங்களை வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு தடை செய்கிறது. அவருக்காக உறவினர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார், தங்கச்சிமார் இதை முதலில் வாசிக்க வேண்டும்.

எங்களில் சிலர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. நகை அடகு வைத்துக் கொடுத்தவரும் இருக்கிறார். அவர்களிடம் சொல்வது இதுதான்: இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. முறைப்பாட்டுக்குப் போனபோது எங்களுக்கு உதவியது வங்கியில் காசு போட்ட சிலிப்புகளும் அழிக்காமல் வைத்திருந்த வட்ஸ்அப் உரையாடல்களும்தான். குழு அழிக்கப்பட்டாலும் உங்கள் போனில் உள்ளதை அழிக்காதீர்கள், இன்னொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். கல்முனை, அக்கரைப்பற்றில் ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள், அடுத்த தவணையைப் போடுவதற்கு முன் ஒரு மெஷினுக்கு உங்கள் ஊர்ப் பெயரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மாற்றித் தராவிட்டால் தவணையை நிறுத்திவிட்டு, சிலிப்புகளோடு பொலிஸுக்குப் போங்கள். தனியாகப் போகாமல், காசு கொடுத்த எல்லோரும் சேர்ந்து போங்கள்.