செங்கல் சூளைப் பிள்ளைகள் கையில் ஃபோல்ட்ஸ்கோப்

நான் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். ஞாயிறு காலையில் பக்கத்துச் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருஷம் அவர்களுக்காக இருபது ஃபோல்ட்ஸ்கோப் வாங்கினேன். வாங்கலாமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்: தாராளமாக வாங்கலாம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய காகித மைக்ரோஸ்கோப் இது. பாகங்களுக்கு ஒரு டாலர்கூட ஆகாது என்று 2014இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அட்டைத் துண்டுகளை மடித்துச் செருக வேண்டும்; லென்ஸ் கடுகு போன்ற ஒரு கண்ணாடி உருண்டை. 140 மடங்கு பெரிதாகக் காட்டும். 1670களில் நெதர்லாந்துக்காரர் லீவன்ஹுக் குளத்துத் தண்ணீரில் நுண்ணுயிர்களைப் பார்த்ததும் இப்படி ஒற்றை லென்ஸ் வழியாகத்தான்.

நான் படித்த பள்ளியில் மைக்ரோஸ்கோப் பீரோவுக்குள் பூட்டியே கிடந்தது. மருத்துவக் கல்லூரி முதலாண்டில்தான் முதன்முதலாகக் கண் வைத்துப் பார்த்தேன். அதனால்தான் வகுப்புக்கு ஒன்று என்றில்லாமல் ஆளுக்கொன்று வாங்கினேன். முதல் நாள் மடிக்கவே ஒரு மணி நேரம் போனது. தப்பாகச் செருகியவர்கள் பிரித்து மறுபடி மடித்தார்கள். யாரும் பயப்படவில்லை.

வெங்காயத் தோலில் ஆரம்பித்தோம். ஆனால் அவர்களைக் கட்டிப்போட்டது கொசுப்புழுதான். உயிருள்ள புழு நெளிந்துகொண்டே இருக்கும், பிடிபடாது. அது வளரும்போது நான்கு முறை தோலுரிக்கும். தண்ணீர் டிரம்மில் மிதந்த அந்தச் சட்டையை எடுத்து, ஈரம் போனதும் செலோடேப்பில் ஒட்டிப் பார்த்தோம். வால் பக்கம் ஒரு குழாய், அதன் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக முட்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "டாக்டர் மிஸ், இது வாலு வழியாவா மூச்சு விடுது?" ஆமாம், அதற்காகத்தான் தண்ணீர் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்குகிறது என்றேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதையும் அன்றைக்கே சொன்னேன்.

இரண்டு எச்சரிக்கை. சுமார் 2 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்கு) வரைதான் பிரித்துக் காட்டும்; பாக்டீரியா தெளிவாகத் தெரியும் என்று ஆசை காட்டிவிடாதீர்கள். வெளிச்சத்துக்கு வானத்தைப் பார்க்கச் சொல்லலாம், சூரியனை நேராகப் பார்க்க விடவே கூடாது. ரத்தம் பார்க்கணும் என்று கேட்பார்கள். நான் சம்மதிப்பதில்லை, ஊசி வகுப்புக்குள் வரவே வேண்டாம்.

அடுத்த ஞாயிறு போனபோது சூளையில் இருந்த ஐந்து டிரம்முக்கும் பழைய புடவையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கட்டச் சொன்னது யார் என்று கேட்டேன். அந்தப் பிள்ளையின் அம்மா அவளைத்தான் கைகாட்டினார்.