கேள்வி கேட்காமல் ஐந்து நிமிடம்: குழந்தை நடத்தைச் சிகிச்சை மையம் ஒன்றில் எங்கள் ஏழு மாதம்

சென்னையில் குழந்தைகளின் நடத்தைப் பிரச்சினைகளுக்கெனத் தனியே இயங்கும் ஒரு மையத்துக்குக் கடந்த ஜூன் முதல் டிசம்பர் வரை, ஆறரை வயது மகனோடு 19 முறை சென்றுவந்தோம். பெரியவர்கள் சொல்வதை விடாமல் எதிர்த்து, வாதாடி, கோபப்படும் எதிர்ப்பு மீறல் கோளாறு என்று அங்கே கணித்தார்கள். மருத்துவர்கள் தங்களுக்குள் பேசும்போது ஓ.டி.டி. என்கிறார்கள். மையத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பது ஒரு காரணம். பெயரும் கிளையும் தெரிந்தால் மகன் யாரென்று பள்ளியில் ஊகித்துவிடுவார்கள் என்பது இன்னொரு காரணம். இப்படியொரு சிகிச்சைக்குப் பணத்தையும் சனிக்கிழமைகளையும் செலவழிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோர், எதைக் கேட்டு, எதைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்பதற்கு இது உதவினால் போதும்.

பிடிவாதம் இல்லாத பிள்ளை கிடையாது என்பதால், நாங்கள் ஒரு வருடத்துக்கும் மேலாக எதுவும் செய்யாமல் இருந்தோம். "ஆம்பளப் பிள்ளன்னா அப்படித்தான் இருப்பான், நீ மட்டும் என்ன வாழ்ந்த" என்று என் அம்மா என் சிறுவயதுக் கதைகளை எடுத்துவிடுவார். ஒருநாள் காலையில் காலுறை போடச் சொன்னதற்கு நாற்பது நிமிடம் சண்டை நடந்து, பள்ளி வேன் போயே போய்விட்டது. எல்லாம் ஓய்ந்தபின், கோபமே இல்லாமல், மிகத் தெளிவாக அவன் சொன்னான்: "போடலாம்னுதான் இருந்தேன். நீ சொல்லிட்ட, இனிமே போட மாட்டேன்." சொன்னதைச் செய்ய முடியாத பிள்ளை வேறு, சொன்ன காரணத்துக்காகவே செய்யாத பிள்ளை வேறு என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. அதே மாதத்தில் வகுப்பாசிரியையும் மூன்றாவது முறையாக அழைத்திருந்தார்.

முதலில் நாங்கள் போனது இந்த மையத்துக்கு அல்ல. வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு மருத்துவமனையில், பத்தே நிமிடப் பேச்சில், மகனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், தினமும் இரவில் கொடுக்கச் சொல்லி ஒரு மருந்தை எழுதித் தந்தார்கள். அந்தச் சீட்டு இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எதிர்ப்பு மீறல் கோளாறுக்கென்றே தனியாக ஒரு மருந்து இல்லை என்பதும், கூடவே கவனக்குறைவு மிகைச் செயல்பாடு (ஏ.டி.எச்.டி.) என்ற கோளாறும் இருந்தாலோ, தனக்கோ பிறருக்கோ காயம் ஏற்படுத்தும் அளவுக்கு மூர்க்கம் இருந்தாலோதான் மனநல மருத்துவர் மருந்தைப் பற்றி யோசிப்பார் என்பதும், முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சியே என்பதும் பின்னர்தான் தெரிந்தது. மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை; பத்து நிமிடத்தில் கூடாது என்கிறேன்.

இந்த மையத்தின் மீது எனக்கு முதலில் நம்பிக்கை வந்தது அவர்களின் மதிப்பீட்டைப் பார்த்துத்தான். ஒன்றரை மணி நேரம் வீதம் இரண்டு நாள். முதல் நாள் எங்களிடம் மட்டும் பேசினார்கள்: பிரசவம், பேச்சு வந்த வயது, தூக்கம், வீட்டில் யார் யார், அடிப்பது உண்டா. கடைசிக் கேள்விக்கு நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆசிரியை நிரப்புவதற்கென்று ஒரு படிவத்தைத் தனியே கொடுத்தனுப்பினார்கள். காது கேட்கும் திறனைச் சோதித்துவரச் சொன்னார்கள். சொல்வது சரியாகக் கேட்காத பிள்ளைகூடச் சொல் பேச்சு கேளாத பிள்ளையாகத் தோன்றலாம் என்றார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். வகுப்பில் படிக்கச் சொல்லும்போது வருகிற அவமானத்தைக் கோபத்தால் மூடிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டாம்.

இரண்டாம் நாள் முடிவில் உளவியலாளர் எங்களை உட்காரவைத்து, எந்த அடிப்படையில் இந்த முடிவுக்கு வந்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, எட்டு அறிகுறிகளைச் சொல்கிறது: அடிக்கடி நிதானம் இழப்பது, எளிதில் சீண்டப்படுவது, கோபமும் மனக்கசப்புமாக இருப்பது, பெரியவர்களோடு வாதாடுவது, விதிகளை வேண்டுமென்றே மீறுவது, பிறரை வேண்டுமென்றே எரிச்சலூட்டுவது, தன் தவறுக்குப் பிறரைக் குறை சொல்வது, வன்மம் வைத்துப் பழிதீர்ப்பது. இவற்றில் குறைந்தது நான்கு அறிகுறிகள் ஆறு மாதமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். உடன்பிறந்தவர் அல்லாத ஒருவரிடமாவது வெளிப்பட வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலான நாட்களிலும், அதற்கு மேலே என்றால் வாரத்துக்கு ஒரு முறையாவதும் நிகழ வேண்டும். வன்மத்துக்கு மட்டும் கணக்கு வேறு: ஆறு மாதத்தில் இரண்டு முறை என்றாலே அது சேரும். எங்கள் மகனுக்கு எட்டில் ஆறு இருந்தன, வன்மம் இல்லை. வீடு, பள்ளி என இரண்டு இடங்களில் வெளிப்படுவதால் நடுத்தரத் தீவிரம் என்று எழுதினார். மகனைப் பற்றி ஊரே சொன்ன அடைமொழிகளுக்கு நடுவில், எண்ணிப் பார்த்துச் சொல்லப்பட்ட முதல் சொல் அது என்பதால் எனக்கு வருத்தத்தைவிட ஆறுதலே அதிகமாக இருந்தது.

சிகிச்சை என்றால் அவனை ஓர் அறைக்குள் அழைத்துப்போய்ப் பேசித் திருத்தி வெளியே அனுப்புவார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். 17 அமர்வுகளில் அவர்கள் அவனோடு தனியாக இருந்தது இரண்டு முறைதான். மற்றவை எல்லாம் எங்களுக்கு. அவர்கள் பின்பற்றுவது, 1970-களில் ஷீலா ஐபெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சை முறை. இரண்டிலிருந்து ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக அமைந்தது. அசல் முறையில், ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் சிகிச்சையாளர் நின்றுகொண்டு, காதுக்குள் பொருத்திய கருவி வழியே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பார். இங்கே கண்ணாடிக்குப் பதில் கூரை மூலையில் ஒரு கேமராவும், பக்கத்து அறையில் ஒரு டிவியும். காதுக்கருவிக்குப் பதில் என் கைப்பேசிக்கே அழைப்பு, காதில் என் சொந்த இயர்போன். ஏளனமாகச் சொல்லவில்லை, அது நன்றாகவே வேலை செய்தது.

முதல் அமர்வை மறக்க முடியாது. மரக்கட்டைகளை வைத்து ஐந்து நிமிடம் அவனோடு விளையாடச் சொன்னார்கள். அவன் போக்கில் விட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, கட்டளை கூடாது, குறை கூடாது. எளிது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முடிந்ததும் உளவியலாளர் தன் தாளைக் காட்டினார்: 23 கேள்வி, ஒன்பது கட்டளை, பாராட்டு ஒன்றுகூட இல்லை. நான் மறுத்தேன், அத்தனை கேள்வி கேட்டிருக்கவே முடியாது என்றேன். பதிவை ஓடவிட்டார். "பச்சைக் கட்டய மேல வைக்கிற, இல்ல?" "இது வீடுதான?" "இப்ப சிவப்பு வைக்கலாமா?" "விழுந்துடும், சரியா?" தமிழில் நாம் பிள்ளைகளோடு பேசும்போது வாக்கியத்தின் வாலில் ஒரு 'இல்ல', ஒரு 'தான', ஒரு 'சரியா' தானாகவே ஒட்டிக்கொள்கிறது; ஒவ்வொன்றும் பிள்ளையிடம் ஒரு பதிலைக் கேட்கிறது, விளையாட்டை அவன் கையிலிருந்து நம் கைக்கு மாற்றுகிறது. அந்த வாலை வெட்ட எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. மனைவி ஐந்து வாரத்தில் தேறிவிட்டார், இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார். தேர்ச்சிக்கு ஒரு கணக்கு உண்டு: ஐந்து நிமிடத்தில் அவன் செய்வதை அப்படியே விவரிப்பது பத்து, அவன் சொன்னதைத் திரும்பச் சொல்வது பத்து, இன்ன காரியத்துக்கென்று குறிப்பிட்டுப் பாராட்டுவது பத்து; கேள்வி, கட்டளை, குறை எல்லாம் சேர்த்து மூன்றைத் தாண்டக் கூடாது. இதைத் தினமும் ஐந்து நிமிடம் வீட்டிலும் செய்ய வேண்டும்.

பாராட்டு விஷயத்தில் வீட்டில் ஒரு சிக்கல் வந்தது. பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்பது அம்மாவின் உறுதியான நம்பிக்கை. நான் பாராட்டும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து ஒரு முனகல் கேட்கும். உளவியலாளரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அம்மா சொல்றதுல பாதி நம்ம முறையிலயே இருக்கு சார், பிள்ளைய புகழாதீங்க, அது செஞ்ச காரியத்த புகழுங்க" என்றார். 'நீ நல்ல பையன்' என்பதை விட்டுவிட்டு 'தட்டை நீயே கழுவி வைத்தது நன்றாக இருந்தது' என்று சொல்லத் தொடங்கியதும் முனகல் நின்றது.

இரண்டாம் கட்டம் கட்டளை. அதிலும் முதலில் திருந்த வேண்டியது என் பேச்சுதான். "செருப்ப போட்டுக்கிறியா சாமி?" என்று கெஞ்சலாகக் கேட்டுவிட்டு, "மாட்டேன்" என்று அவன் சொன்னால் கோபப்படுவது என் வழக்கம். கேள்வியாகக் கேட்டால் மாட்டேன் என்பதும் நியாயமான பதில்தானே. ஒரு நேரத்தில் ஒன்று, சிறியது, எதைச் செய்யக் கூடாது என்பதைவிட எதைச் செய்ய வேண்டும் என்பதாக, குரல் உயராமல், ஒரே முறை சொல்ல வேண்டும். கேட்டால் உடனே பாராட்டு. கேட்காவிட்டால் ஒரு எச்சரிக்கை. அதன்பின் மூன்று நிமிடம் நாற்காலி, கடைசி ஐந்து விநாடி அமைதியாக இருந்தால் எழுந்து வந்து அதே வேலையைச் செய்ய வேண்டும். நாற்காலியில் இருக்கும்போது யாரும் அவனோடு பேசக் கூடாது.

இது தொடங்கிய இரண்டு வாரம் எங்கள் வாழ்க்கையிலேயே மோசமானது. கத்தினால் கிடைத்துவந்தது கிடைக்காமல் போகும்போது, பிள்ளை முதலில் இன்னும் பலமாகக் கத்திப் பார்க்கும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து விசாரிக்கும் அளவுக்குப் போகும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அம்மாவால் பொறுக்க முடியாமல், நாற்காலியிலிருந்து அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "போனாப் போகுது, குடுத்துத் தொலைங்களேன்" என்று அழுதார். உரக்க அழுதால் பாட்டி வருவார் என்பதை அவன் அன்று கற்றுக்கொண்டான், அதை மறக்கடிக்க மேலும் மூன்று வாரம் ஆயிற்று.

என் முதல் குறை இங்கேதான் வருகிறது. பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டிதான் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம், படிவத்திலும் எழுதியிருந்தோம். அப்படியிருந்தும் அவரை அழைத்து உட்காரவைத்து விளக்கியது 13-ஆம் அமர்வில்தான். அப்பா, அம்மா, பிள்ளை என்ற மூன்று பேர் வீட்டுக்கென அமைந்த முறையை, தாத்தா பாட்டி வளர்க்கும் வீட்டுக்கு அப்படியே கொண்டுவந்தால் இதுதான் நடக்கும். இரண்டாவது, வீட்டுப் பயிற்சிப் படிவங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. அம்மாவுக்காக நானே இரவில் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். பள்ளிக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைக் கேட்டு வாங்க ஐந்து வாரம் ஆயிற்று. பத்து அமர்வுக்கான 12,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொள்கிறார்கள், இடையில் நின்றால் திருப்பித் தருவதில்லை. நடுவில் உளவியலாளர் மாறியபோதும் அதே பதில்தான். புதியவர் திறமையானவர் என்றாலும் மகன் இரண்டு வாரம் அவரிடம் பேசவில்லை.

எங்களுக்கு ஆன செலவு: மதிப்பீட்டுக்கு 4,500 ரூபாய், அமர்வுக்கு 1,200 வீதம் 17-க்கு 20,400, ஆக 24,900. உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் எங்கள் பாலிசி எந்த நோய்க்குமே புறநோயாளிச் செலவைத் தருவதில்லை என்பதால் ஒரு ரூபாயும் வரவில்லை. இந்தத் தொகை கட்டுப்படியாகாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன, பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் தனித் துறையே உண்டு. எங்கே போவதென்றே தெரியாதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் கிடையாது.

தனியாரிடம் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கூச்சப்படாமல் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியலை இணையத்திலேயே பார்க்கலாம். 'சைல்ட் கவுன்சிலர்' என்ற பலகைக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லாததால் யாரும் மாட்டிக்கொள்ளலாம். இந்த மையத்தில் கேட்டவுடன் எடுத்துக் காட்டினார்கள். இன்னொரு இடத்தில் ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டார்கள், நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். குறைந்த ஒன்றரையில் ஒன்று பாட்டியை மறந்ததற்கு, அரை முன்பணத்துக்கு. மகன் இன்னமும் வாதாடுகிறான், முந்தாநாள்கூட இட்லியா தோசையா என்பதில் வாதாடினான். ஆனால் வேன் தவறி மூன்று மாதத்துக்கு மேலாகிறது, பள்ளியிலிருந்து நவம்பரில் ஒரே ஓர் அழைப்புதான் வந்தது, நான் கை ஓங்கி நான்கு மாதம் ஆகிறது. மார்ச்சில் ஒரு மறு ஆய்வு அமர்வு இருக்கிறது. அதற்கும் 1,200 ரூபாயை இப்போதே கட்டச் சொன்னார்கள். வருகிற அன்றைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.