ஊர்வன களப்பயிற்சி முகாமுக்குப் பணம் கட்டும் முன்: அனுமதிக் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று பாருங்கள்

பாம்பு, பல்லி, ஆமைகளைப் பற்றிக் கற்றுத் தருகிறோம், காட்டுக்குள் கூட்டிப்போகிறோம், வனத்துறை அனுமதி கையில் இருக்கிறது என்று விளம்பரம் செய்யும் வார இறுதி முகாம்கள் இப்போது பெருகிவிட்டன. ஒழுங்காக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். நான் போய்ச் சிக்கியது வேறு வகை. பணம் போனதைவிட, ஒரு வன உயிரினக் குற்றத்தை எங்கள் கண் முன்னால் செய்து, அதில் எங்களையும் சேர்த்துக் கோக்கப் பார்த்தார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

பணம் கட்டும் முன்பே அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டேன். "எல்லாம் பக்காவா இருக்கு, கவலையே படாதீங்க" என்று பதில் வந்தது. கூடவே ஒரு கடிதத்தின் படம். வனத்துறை முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, நடுப்பகுதி மட்டும் படிக்க முடியாதபடி மங்கலாக இருந்தது. தெளிவான நகல் கேட்டால் "முகாமில் நேரிலேயே காட்டுகிறோம்" என்றார்கள்.

முகாமில் முதல் நாள் வகுப்பு நன்றாகவே போனது. மறுநாள் காலை மலையடிவாரப் புதர்க்காட்டுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறியது. உதவியாளர்கள் எங்களுக்கு முன்னால் போய், கொக்கிக் கம்பியால் கல்லைக் கல்லாகப் புரட்டிக்கொண்டே போனார்கள். புரட்டிய கல்லை யாரும் திருப்பி வைக்கவில்லை. கல்லுக்கு அடியில் இருக்கும் அந்தக் கொஞ்ச ஈரத்தை நம்பித்தான் பல்லியும் தேளும் சின்னப் பாம்புகளும் வெயில் காலத்தைத் தாண்டுகின்றன. அகப்பட்ட பல்லிகள் மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போயின. அதில் ஒன்றுக்கு வால் ஏற்கெனவே அறுந்து டப்பாவின் அடியில் துடித்துக்கொண்டிருந்தது. பல பல்லிகளுக்கு வாலில்தான் கொழுப்புச் சேமிப்பு. அது போனால் பஞ்ச காலத்துக்கு வைத்திருந்த உணவே போன மாதிரி.

பிறகு ஒரு நட்சத்திர ஆமை. புதருக்கு அடியில் பேசாமல் கிடந்ததை ஒருவர் தூக்கினார். தூக்கிய நொடியில் அவர் கை நனைய அது சிறுநீர் கழித்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்டவரும் சிரித்தார். ஆமைகள் சிறுநீர்ப்பையில் நீரைச் சேமித்து வைக்கும். மிரண்டால் அதை வெளியேற்றிவிடும். வறண்ட காலத்தில் அந்த இழப்பை ஈடுகட்டத் தண்ணீர் கிடைக்காமல் ஆமை செத்தே போகலாம். இதைச் சொல்லிக்கொடுக்கத்தானே எங்களிடம் பணம் வாங்கினார்கள்?

ஆமையைத் திரும்ப விடவில்லை. துணிப்பையில் போட்டு, இடமும் தேதியும் எழுதிய சீட்டைக் கட்டி, வண்டியில் ஏற்றினார்கள். எதற்கு என்றால் "ஆய்வுக்கு". எந்த ஆய்வு, எந்த நிறுவனம் என்றால் பதில் இல்லை.

எங்களோடு வந்திருந்த ஒரு கல்லூரி மாணவி, "சார், இதைப் பிடிக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏம்மா, பிடிக்காம எப்படிக் கத்துக்கறது? அந்தச் சட்டம் புலிக்கும் யானைக்கும் போட்டது. பல்லியை யாரு எண்ணிக்கிட்டு இருக்கா?" என்றார் அவர். நான் குறுக்கிட்டு அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே காட்டினார். அது பிரிவு 28-ன் கீழ் தரப்பட்டது.

இந்த ஒரு எண்ணைத்தான் எல்லோரும் நினைவில் வைக்கவேண்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 28 என்பது சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி. சுற்றிப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், உயிரினங்களை நோக்கிப் படிக்கலாம். எதையும் பிடிக்க முடியாது. பிடிக்கவேண்டுமானால் பிரிவு 12-ன் கீழ், கல்வி, ஆய்வு போன்ற குறிப்பிட்ட நோக்கங்களுக்கு மட்டும், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து தலைமை வன உயிரினக் காப்பாளர் தனி அனுமதி தரவேண்டும். சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் பட்டியலில் உள்ள உயிரினம் என்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். இந்தச் சட்டத்தில் "வேட்டை" என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பதும் பொறி வைப்பதும் வேட்டைதான். ஊர்வனவின் முட்டையைக் கலைப்பதுகூட வேட்டையில் சேரும். நட்சத்திர ஆமை 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் பட்டியலில் இருக்கிறது. தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். உடந்தையாக இருப்பவர்களுக்கும் பிரிவு 52 இருக்கிறது. பை உங்கள் கையில் இருக்கும்போது வனத்துறை வந்தால், அது சட்டப்படிதான் வந்தது என்று நிரூபிக்கவேண்டியது நீங்கள்தான். பிரிவு 57 அப்படித்தான் சொல்கிறது.

நான் இதையெல்லாம் சொன்னதும் அடுத்த வாதம் வந்தது. "இருளர்கள் பிடிக்கலையா? அவங்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?" இதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த பழங்குடிகள் இருளர்கள். 1970-களில் பாம்புத் தோல் வணிகத்துக்குத் தடை வந்தபோது அவர்களின் பிழைப்பே போனது. 1978-ல் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பிடித்த பாம்பையே மறுபடி பிடிக்காமலிருக்க வயிற்றுச் செதிலில் அடையாளமும் இடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கான விஷம் அங்கிருந்து போகிறது. உயிர் காக்கும் மருந்துக்கு விஷம் எடுப்பதைப் பிரிவு 12 பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. கணக்கு இல்லாமல் டப்பாவில் அடைத்துக்கொண்டு போகிறவர் அவர்கள் பெயரை இழுக்கவே கூடாது.

"பல்லியை யாரு எண்ணுறா" என்பதற்கும் பதில் இருக்கிறது. சீனாவின் ஒரு குகைப் பல்லி இனத்தை 1999-ல் விஞ்ஞானிகள் விவரித்து எழுதினார்கள். அது இருந்த இடம் ஆய்வுக் கட்டுரையிலேயே இருந்ததால், சேகரிப்பவர்கள் தேடிப்போய் அந்த இடத்தில் ஒன்றுகூட இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரே ஒரு குன்றில் மட்டும் வாழும் பல்லி இனங்கள் இருக்கின்றன. இடம் எழுதிய அந்தச் சீட்டு எனக்கு அவ்வளவு பயம் தந்ததற்குக் காரணம் இதுதான். நட்சத்திர ஆமையை எடுத்துக்கொண்டால், இந்தியாவின் ஒரே ஒரு வணிக மையத்துக்காக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்படுவதாக 2015-ல் வெளியான ஆய்வு சொன்னது. 2019-ல் அதன் பன்னாட்டு வணிகத்தையே, வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டீஸ் தடை செய்தது.

சட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்மையான ஆய்வு மாணவர்கள் அனுமதிக்காக மாதக்கணக்கில் அலைகிறார்கள், அது சீராகவேண்டும். ஆனால் அந்த மாணவர்கள் காத்திருக்கிறார்களே! அவர்களின் கஷ்டத்தைக் காட்டி இவர்கள் பை நிரப்புவது எந்த ஊர் நியாயம்?

நானும் அந்த மாணவியும் இன்னும் சிலரும் அன்று மதியமே கிளம்பிவிட்டோம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "பாதியில் போனால் கிடையாது" என்றார்கள். அப்புறம் என் போன் எண்ணை முடக்கிவிட்டார்கள். படங்கள், வண்டியின் எண், கட்டண ரசீது, அந்த மங்கலான கடிதம் எல்லாவற்றையும் வனத்துறையிடம் எழுத்துப்பூர்வப் புகாராகக் கொடுத்தாயிற்று. விசாரணை நடக்கும்போது கெடுதல் ஆகிவிடக்கூடாது என்பதால் அவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை.

இப்படி ஒரு முகாமுக்குப் பணம் கட்டப்போகிறீர்கள் என்றால், கடிதத்தின் முழு நகலை முன்கூட்டியே வாங்குங்கள். எந்தப் பிரிவு, யார் பெயரில், எந்த இடத்துக்கு, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். அந்த வனச்சரக அலுவலகத்துக்கே போன் போட்டு, இப்படி ஒரு கடிதம் கொடுத்தீர்களா என்று கேட்டுவிடுங்கள். "தொட்டுப் பார்க்கலாம், கையில் பிடித்துப் படம் எடுக்கலாம்" என்று விளம்பரத்திலேயே இருந்தால் அங்கே போகவே வேண்டாம். ஏற்கெனவே இதுபோன்ற முகாமுக்குப் போய் உயிரினங்களை வண்டியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள், படங்களையும் ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள். வனத்துறையிடமோ வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவிடமோ கொடுங்கள். பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, நானும் அங்கே பதிவு செய்திருக்கிறேன்.