வேலூரிலிருந்து போய் சென்னையில் இத்தாலியன் சாப்பிடுபவர்களுக்கு

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இத்தாலி ஒன்றும் தெரியாத ஊர் இல்லை. மெஷின் அங்கிருந்து வருகிறது, சரக்கு வாங்குகிற பையர் அங்கிருந்து வருகிறார், முதலாளிமார் மிலானில் நடக்கிற லினியாபெல்லே தோல் கண்காட்சிக்குப் போய் வருகிறார்கள். நான் மெர்ச்சண்டைசர், பையர் கொடுக்கிற ஆர்டரைக் கவனித்து முடித்துக் கொடுக்கிற வேலை. பையர்களை ஏர்போர்ட்டில் விடப் போகும்போது சென்னையில் நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிட வைத்து அனுப்புவதும் என் தலையில்தான். அப்படி ஆபீஸ் செலவில் ஒட்டிக்கொண்ட பழக்கம், இப்போது சொந்தக் காசில் அம்மா, மனைவி, பையன் என்று குடும்பத்தோடு போகிற அளவுக்கு வந்துவிட்டது. கடைப் பெயர் எதுவும் போடப் போவதில்லை. இந்தக் கடைகளில் செஃப் மாறினால் ருசியும் மாறிவிடுகிறது, அப்புறம் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். எப்படிப் பார்த்து உட்கார வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மார்கரீட்டா பீட்சா சொல்லுங்கள். தக்காளி, மொஸரெல்லா, பேசில் இலை, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பண்டம், இதில் கோட்டை விடுகிற கடை மற்றதில் தேறாது. நேப்பிள்ஸ் பாணி என்று போர்டு வைத்திருந்தால் விறகு அடுப்பில் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வர வேண்டும். நுங்கம்பாக்கத்தில் ஒரு கடையில் அப்படியே வந்தது: ஓரம் உப்பி, அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்து, கிழித்தால் உள்ளே பெரிய பெரிய காற்றுக் குழி. நடுப்பகுதி ஈரமாகத்தான் இருக்கும், துண்டைத் தூக்கினால் முனை தொங்கி தக்காளிச் சாறு தட்டில் சொட்டும். காட்பாடி ரோட்டில் செயின் கடைகளின் தடித்த பீட்சா சாப்பிட்டுப் பழகிய என் பையன் "வேகலப்பா" என்று தள்ளி வைத்துவிட்டான். அது வெந்ததுதான். இத்தாலியிலும் பலர் கத்தி, முள்கரண்டி வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள் என்று பையர் சொன்னார், அதனால் கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேசில் என்பது நம்மூர் திருநீற்றுப்பச்சிலை இனம். துளசி வேறு. ஈ.சி.ஆர் பக்கம் கடலைப் பார்த்த மாதிரி மேசையெல்லாம் போட்ட ஒரு இடத்தில் துளசியையே கிள்ளிப் போட்டிருந்தார்கள், கடித்ததும் பெருமாள் கோயில் தீர்த்த வாசனை. விலை மட்டும் அறுநூறு ரூபாய்க்கு மேலே.

பாஸ்தாவுக்கு வருவோம். உட்கார்ந்ததும் "ஒயிட் சாஸா, ரெட் சாஸா, பிங்க் சாஸா சார்?" என்று கேட்டால் அது இத்தாலியன் கடை இல்லை, நம்மூர் காலேஜ் பசங்க கடை. தப்பில்லை, வி.ஐ.டி பக்கத்திலேயே அது கிடைக்கும், பசிக்கு நன்றாகவும் இருக்கும், அதற்காக சென்னை வரை டிக்கெட் எடுக்க வேண்டாம். நான் முதலில் சொல்வது ஆலியோ ஒலியோ. பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய், கொஞ்சம் பார்ஸ்லி. பூண்டு பொன்னிறத்தில் நிற்க வேண்டும், கருகினால் தட்டு முழுக்கக் கசக்கும். பாஸ்தா வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு எண்ணெயோடு சேர்த்துப் பிரட்டியிருந்தால் ஸ்பகெட்டி மேல் ஒரு மெல்லிய பளபளப்பு ஒட்டியிருக்கும், இல்லையென்றால் சாப்பிட்டு முடித்ததும் தட்டின் அடியில் எண்ணெய் தனியாகக் குளம் கட்டி நிற்கும். தட்டின் அடியைப் பார்த்தே செஃப்பை எடை போட்டுவிடலாம். அடுத்தது கார்பொனாரா. முட்டை மஞ்சள் கரு, பெக்கொரினோ சீஸ், மிளகு, உப்பில் பதம் செய்த பன்றிக் கன்னத்துக் கறி, க்ரீம் கிடையாது. ஆனால் சென்னையில் பெரும்பாலும் க்ரீம்தான், பன்றிக்குப் பதில் சிக்கனும் வரும். ஒரு நட்சத்திர ஓட்டலில் இதைப் பார்த்து எங்கள் பையர் ஒரு வார்த்தையும் பேசாமல் ரொட்டியை மட்டும் சாப்பிட்டு எழுந்தார். பில் கட்டியது நாங்கள்.

இன்னொன்று, பாஸ்தா நடுவில் லேசாகக் கெட்டியாகத்தான் இருக்கும், அவர்கள் பக்குவம் அது. பிடிக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு நிமிஷம் வேகவிடச் சொல்லுங்கள், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

ரிசோட்டோவில்தான் நம் ஆட்களுக்குச் சண்டை வரும். சீரகச் சம்பா உதிரி உதிரியாக விழுகிற ஆம்பூர் பிரியாணியில் வளர்ந்த நாக்கு இது. அங்கே ஆர்போரியோ என்கிற குட்டை அரிசியைச் சூடான ஸ்டாக் (காய்கறியோ கறியோ வேகவைத்து வடித்த சாறு) கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறிக்கொண்டே, பதினெட்டு இருபது நிமிஷம் நின்று சமைக்கிறார்கள். தட்டைத் தட்டினால் பரவி ஓட வேண்டும். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாடா இது, இப்பிடி கொழஞ்சு கெடக்குது, இதுக்கா எட்நூறு ரூபா?" என்றார். எனக்கு அந்தக் காளான் ரிசோட்டோ ரொம்பப் பிடித்தது, அம்மா தட்டையும் நானே முடித்தேன். ஆர்டர் கொடுத்த ஐந்தாவது நிமிஷம் ரிசோட்டோ வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். அரைவேக்காட்டில் எடுத்து வைத்ததைச் சூடு பண்ணியிருப்பார்கள்.

சைவக்காரர்கள் கவனிக்க: மெனுவில் பச்சைப் புள்ளி இருந்தாலும் சீஸைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். பார்மெசான் என்று நாம் சொல்கிற சீஸின் அசலான பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்தான் போடுகிறார்கள். அமுல் மாதிரி நம் நாட்டுச் சீஸில் நுண்ணுயிர் ரென்னட், அதில் பிரச்சினை இல்லை. ஆகவே "இம்போர்ட்டட் பார்மெசான்" என்று பெருமையாகச் சொல்கிற கடையில்தான் கேட்க வேண்டும். சர்வருக்குப் பெரும்பாலும் தெரியாது, செஃப்பைக் கூப்பிடச் சொல்லுங்கள், பெரிய கடைகளில் வந்து சொல்கிறார்கள்.

இனிப்பில் டிராமிசு. எங்கள் பையர் இத்தாலியின் வெனெட்டோ பகுதிக்காரர், டிராமிசு தங்கள் பக்கத்துப் பண்டம் என்று உரிமை கொண்டாடுவார். காப்பியில் நனைத்த சவோயார்டி பிஸ்கட், மஸ்கார்போனே என்கிற மென்மையான க்ரீம் சீஸ், மேலே கோகோ தூள். இங்கே பாதிக் கடையில் பிஸ்கட்டுக்குப் பதில் ஸ்பாஞ்ச் கேக்கை வைத்துவிடுகிறார்கள், ஸ்பூனை விட்டதும் தெரிந்துவிடும். ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் சரியாகக் கிடைத்தது, காப்பி கசப்பு தூக்கலாக, சர்க்கரை அளவாக. அங்கே மற்றதெல்லாம் சுமார்தான், டிராமிசுக்காக மட்டும் போகலாம்.

போகிறவர்கள் மதியமாகப் பார்த்துப் போங்கள். கூட்டம் குறைவு, சமையலறைக்கும் பொறுமை இருக்கும், சாயங்காலம் ஏலகிரி எக்ஸ்பிரஸில் காட்பாடிக்குத் திரும்பிவிடலாம். மூன்று பேர் ஒரு பீட்சா, ஒரு பாஸ்தா, ஒரு டிராமிசு பகிர்ந்து சாப்பிட்டால் தனிக் கடையில் இரண்டாயிரத்துக்குள் அடங்கும். பெரிய நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கிற ரெஸ்டாரண்டில் ஜி.எஸ்.டி 18 சதவீதம், வெளியே தனியாக இருக்கிற கடைகளில் 5. விலைப்பட்டியல் ஒன்று போலத் தெரிந்தாலும் பில் வேறாக வருவது இதனால்தான். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி சேர்ந்து வந்தால் அதை எடுத்துவிடச் சொல்லலாம். கேட்காமல் சேர்க்கக் கூடாது என்று 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. நான் கேட்ட இடங்களில் எடுத்துவிட்டார்கள். பரிமாறிய தம்பிக்குக் கையில் தனியாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.