தூத்துக்குடியில் சாப்பாடு: திங்கட்கிழமை மீன் வேண்டாம்

இந்தத் தடவை டொரொண்டோவிலிருந்து குடும்பத்தோடு தூத்துக்குடி போயிருந்தோம். ஊரில் இப்போது வீடு கிடையாது, லாட்ஜ்தான், அதனால் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. அடுத்துப் போகிறவர்களுக்கு உதவட்டும்.

முதலில் மீன். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, எந்நேரமும் புது மீன்தான் என்று நம்பிவிடாதீர்கள். இங்கே விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் போய் அன்று இரவு 9 மணிவாக்கில் திரும்பும், ஏலம் ராத்திரிதான், ஆக மதியம் உங்கள் இலைக்கு வருவது முந்தின ராத்திரி இறங்கிய மீன், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் யாரும் கடலுக்குப் போவதில்லை, மாதா கோயிலுக்குப் போகிற நாள். திங்கள் மதியம் உட்கார்ந்தால் சனிக்கிழமைச் சரக்குதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வேறு, அப்போது திரேஸ்புரம் பக்கம் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதை வைத்துத்தான் ஊரே சாப்பிட வேண்டும், விலையும் ஏறிவிடும்.

ஏசி போட்ட ஓட்டல் ஒன்றில் சீலா (இங்கே வஞ்சிரத்தை அப்படித்தான் சொல்வார்கள்) வறுவல் எப்போது கேட்டாலும் இருந்தது. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? சிவப்பாக மசாலாவை அப்பி, உள்ளே ரப்பர் மாதிரி மீன், பில் மட்டும் கனடா விலை. பிறகு ஒரு சந்துக்குள் சின்ன மெஸ். நடத்துகிற அக்கா நாங்கள் உட்காரும்போதே, "சீலா இன்னைக்கு வரல அண்ணாச்சி, ஊளிதான் கெடக்கு, பொரிச்சுத் தரட்டா?" என்றார். இல்லை என்று சொல்லத் தெரிந்த கடையில் தைரியமாகச் சாப்பிடலாம். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, அவ்வளவுதான் போட்டிருந்தார்கள். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிந்தது. குழம்பு தேங்காய் அரைத்து மாங்காய் போட்டது, இரண்டாவது தடவை சோறு கேட்க வைத்துவிட்டது.

ராத்திரிக்கு யோசிக்கவே வேண்டாம், ஊர்க்காரர்கள் நைட் கிளப் என்று சொல்கிற புரோட்டாக் கடைகள்தான். எண்ணெயில் பொரித்த சின்னப் புரோட்டா, பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். பிள்ளைகளுக்குக் காரம் கூடுதல்தான், ஆம்லெட் சொல்லிவிடுங்கள். கூட்டம் இருக்கிற கடையாகப் பார்த்து நுழையுங்கள், சால்னா சீக்கிரம் தீர்ந்து புதிதாக வரும்.

அப்புறம் பணம். வெளிநாட்டு கார்டு சின்னக் கடைகளில் செல்லாது, எல்லாரும் க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுகிறார்கள், நமக்கு இந்திய வங்கிக் கணக்கு இல்லையென்றால் சிரமம். நூறு, இருநூறாகச் சில்லறை வைத்திருங்கள்.

ஊருக்குப் பேர்போன இனிப்பான மக்ரூனை, கிளம்புகிற அன்று வாங்குங்கள். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும்தான், காற்றுப் பட்டால் நமுத்துப்போகும். பேக்கரியில் காற்றுப் புகாமல் கட்டித் தரச் சொல்லி, கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டால் பொடிதான் மிஞ்சும்.